முதல் மாதிரிக்கு மின்சாரம் வேண்டாம்: புரோட்டோடைப் கேள்வி பதில்

புதுக் கருவி ஒன்று கடைக்கு வருவதற்குள் ஐந்தாறு பிறவி எடுத்துவிடும். அதில் முதல் இரண்டு மூன்று பிறவிகளைச் செய்து கொடுப்பதுதான் பன்னிரண்டு வருடமாக என் பிழைப்பு. புரோட்டோடைப், அதாவது சோதித்துப் பார்க்கச் செய்யும் மாதிரி பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, திருச்சியில் ஈசிஇ இறுதியாண்டு படிக்கிறேன். பாட்டிக்கு மாத்திரை வேளையை நினைவூட்டும் கருவி செய்யப்போகிறேன். சின்னத் திரை, இரண்டு பட்டன், கொஞ்சம் குரல். ஈஎஸ்பி32 சிப் வாங்குவதா, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வாங்குவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஒரு சோப்பு டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். திரை வரும் இடத்தில் வெள்ளைத்தாள், பட்டன் வரும் இடத்தில் இரண்டு சட்டைப் பொத்தான். பாட்டியிடம் கொடுத்துவிட்டு நான்கு நாள் சும்மா பாருங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை இப்படித்தான் தொடங்கினார். அதற்கு முன் அவர் பங்கெடுத்த ஜூமர் என்ற கையடக்கக் கணினி 1993ல் வந்து விலைபோகாமல் கிடந்தது. அடுத்த முறை சட்டைப்பைக்குள் போகும் அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, சாப்ஸ்டிக் குச்சி ஒன்றை வெட்டிப் பேனாவாக வைத்துக்கொண்டு, போகும் இடமெல்லாம் எடுத்துப்போனார். யாராவது தேதி கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, காலண்டர் பார்ப்பதுபோலத் தட்டுவார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் எத்தனை முறை தட்ட ஒருவருக்குப் பொறுமை இருக்கும், எந்த அளவு பையில் உறுத்தும் என்பதெல்லாம் அந்தக் கட்டையிலேயே தெரிந்துவிட்டது. உண்மையான கருவி 1996ல் வந்தது, நன்றாகவே விற்றது. அதற்கும் முன்னால், 1968 வாக்கில், ஆலன் கே என்ற கணினி அறிஞர், தான் கனவு கண்ட மடிக்கணினிக்கு அட்டையில் ஒரு உருவம் செய்து, உள்ளே ஈயக்குண்டுகளைப் போட்டு எவ்வளவு கனம் வரை கை தாங்கும் என்று பார்த்தார்.

உங்கள் சோப்பு டப்பாவில் பார்க்க வேண்டியவை இவை: பாட்டி அதை எங்கே வைக்கிறார்? பூஜை அலமாரியிலா, தலையணைப் பக்கத்திலா? கண்ணாடி இல்லாமல் எடுக்கிறாரா? மாத்திரை டப்பாவும் இதுவும் ஒரே இடத்தில் இருக்கிறதா? கருவி ஒரு அறையிலும் மாத்திரை இன்னொரு அறையிலும் இருந்தால், எந்த சிப் போட்டாலும் பயனில்லை.

அப்புறம் சிப் விஷயம். பேட்டரியில் ஓடுவது என்றால் ஈஎஸ்பி32. வேலை இல்லாத நேரம் ஆழ்ந்து தூங்க வைக்கலாம், எழுப்பினால் சட்டென்று எழும். பை என்பது லினக்ஸ் ஓட்டும் முழுக் கணினி. இயங்கத் தொடங்கவே நேரம் எடுக்கும், பேட்டரியையும் குடித்துவிடும்.

குரல் கட்டளையை எப்படி அட்டையில் சோதிப்பது? அதற்கு நிஜமாகவே மென்பொருள் வேண்டுமே? (கோவை, வீட்டுச் சாதனங்கள் செய்யும் சிறு நிறுவனம்)

வேண்டாம். ஒரு ஆளும் ஒரு கதவும் போதும். 1980களின் தொடக்கத்தில், பேசினால் தானே தட்டச்சு செய்யும் இயந்திரத்தை ஐபிஎம் சோதித்தபோது அப்படி ஒரு இயந்திரமே இல்லை. கடிதம் சொல்பவர் மைக்கில் பேசுவார், வேறொரு இடத்தில் தட்டச்சர் ஒருவர் கேட்டு அடிப்பார், எழுத்து திரையில் வரும். ஆயிரம் சொல் மட்டும் தெரிந்த இயந்திரம், எல்லாச் சொல்லும் தெரிந்த இயந்திரம் என்று பல விதமாக நடித்துப் பார்த்தார்கள். ஜான் கூல்டு குழுவின் இந்த ஆய்வு 1983ல் வெளிவந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒளிந்திருக்கும் ஆள் மனிதர் என்பதால் எல்லாம் புரிந்துவிடும். அதனால் அவர் கையில் ஒரு பட்டியலைக் கொடுங்கள்: இந்த இருபது சொல்லுக்கு மட்டும் பதில், மற்றதற்கெல்லாம் "புரியவில்லை". பதிலுக்கு முன் ஒரு வினாடி தாமதம். நாங்கள் ஒரு மின்விசிறிக்கு இப்படிச் செய்தோம். பட்டியலில் "நிறுத்து" வைத்திருந்தோம், வந்தவர்களில் பாதிப்பேர் சொன்னது "போதும்". ஒரு அம்மா "போதும்ப்பா" என்றார். அரை நாள் வேலையில் கிடைத்த தகவல் அது.

டச் பட்டன் தானாகவே அமுங்குகிறது. ஈஎஸ்பி32, பிரெட்போர்டு (பாகங்களைச் சால்டர் செய்யாமல் செருகிப் பார்க்கும் பலகை), அலுமினியத் தாள். சார்ஜர் செருகினால் மோசமாகிறது. மென்பொருளில் சரிசெய்ய முடியுமா?

பாதி முடியும். முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி சார்ஜர்தான். மட்டமான சார்ஜரில் மின் இரைச்சல் அதிகம், கருவியின் பூஜ்ய வோல்ட்டே ஆடும். டச் என்பது விரலுக்கும் தகட்டுக்கும் நடுவே உள்ள மிகச் சிறிய மின்தேக்கு அளவை எண்ணுவது. அடித்தளமே ஆடினால் எண்ணும் ஆடத்தான் செய்யும்.

பவர் பேங்கிலும் தொந்தரவு இருந்தால் கம்பியைப் பாருங்கள். தாளிலிருந்து சிப் வரை இருபது சென்டிமீட்டர் கம்பி போனால் அந்தக் கம்பியும் பட்டன்தான். பிரெட்போர்டின் பக்கத்துப் பக்கத்துத் தகடுகளும் தங்கள் பங்குக்கு மின்தேக்கு சேர்க்கும். டச் கம்பியை மட்டும் பிரெட்போர்டிலிருந்து வெளியே எடுத்து, நேராகச் சிப்பின் காலில் சால்டர் செய்யுங்கள். குட்டையாக இருக்கட்டும்.

மென்பொருளில் மூன்று வேலை. ஒரு தடவை படித்ததை நம்பாமல் பத்துத் தடவை படித்துச் சராசரி எடுங்கள். தொடாதபோது வரும் எண்ணை மெதுவாகப் பின்தொடர்ந்து புதுப்பியுங்கள், ஏனென்றால் காலையில் வரும் எண் மழை பெய்யும் மாலையில் வராது. அழுத்தியதாகக் கொள்ளும் எல்லையையும் விட்டதாகக் கொள்ளும் எல்லையையும் தனித்தனியாக வையுங்கள். இன்னொன்று, பழைய ஈஎஸ்பி32ல் தொட்டால் எண் குறையும், எஸ்2, எஸ்3 வகைகளில் தொட்டால் கூடும். இணையத்தில் கிடைத்த நிரலை அப்படியே போட்டவர்கள் பலர் இங்கேதான் விழுகிறார்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தொடுபவரின் கை காய்ந்திருக்குமா? என் அம்மாவுக்கு அடுப்படி டைமர் ஒன்றை டச்சில் செய்து பெருமையாகக் கொடுத்தேன். தோசை மாவுக் கையோடு தொட்டார், ஐந்து நிமிடம் ஐம்பது ஆனது. பிறகு பழைய ரேடியோவின் குமிழ் ஒன்றைப் பொருத்தினேன். இன்றும் ஓடுகிறது.

குமிழ் என்றதும் கேட்கிறேன். ரோட்டரி என்கோடர் (திருப்பத் திருப்ப எண்ணைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) ஒரு சொடுக்குக்கு நான்கு எண் தாண்டுகிறது.

பழுது இல்லை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான வகையில் ஒரு சொடுக்குக்குள் நான்கு நிலைமாற்றம் உண்டு. நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தாவினால் அது தொடுமுனை துள்ளுவது. இரண்டு கால்களிலும் சின்ன கெபாசிட்டர் போட்டுப் பாருங்கள்.

சின்ன ஓலெட் திரையில் தமிழ் வரவே இல்லை. வந்தாலும் "கொ" என்பது "கெ"யும் காலும் இடம் மாறி வருகிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டு வைத்திருக்கிறேன். (மதுரை, பள்ளி ஆசிரியர்)

ஐயா, இது எனக்குப் பிடித்த கேள்வி.

யூனிகோடில் தமிழை ஒலிக்கும் வரிசையில் சேமிக்கிறோம்: முதலில் க, பிறகு ஒகரக்குறி. திரையில் வர வேண்டிய வரிசை வேறு: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கணினியிலும் போனிலும் இந்த மாற்றத்தைச் செய்ய ஒரு தனி மென்பொருள் அடுக்கு இருக்கிறது. சின்னத் திரைகளுக்கான நூலகங்களில் பெரும்பாலும் அது இல்லை, வந்த வரிசையில் அடுக்கிவிட்டுப் போய்விடும். தவிர, யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்று எழுதிய நிரல் அதைக் குப்பையாகத்தான் காட்டும்.

காட்ட வேண்டியது பத்து இருபது வாக்கியம்தான் என்றால் சுருக்கு வழி இருக்கிறது. கணினியிலேயே நல்ல எழுத்துருவில் வாக்கியத்தை எழுதி, கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றி, படத்தையே சிப்பில் வையுங்கள். மாத்திரை, மணி, பேட்டரி குறைவு என்ற அளவுக்கு இது தாராளம்.

எந்த வாக்கியமும் வரலாம் என்றால் பழைய தட்டச்சு இயந்திரக்காரர்கள் மாதிரி யோசியுங்கள். 247 எழுத்துக்கும் தனித்தனிப் படம் வேண்டாம். உயிரும் ஆய்தமும் 13, புள்ளி வைத்த மெய் 18, அகரம் ஏறியது 18. இகரம், ஈகரம், உகரம், ஊகரம் நான்கும் எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால் 72. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. மொத்தம் 125 வடிவம். ஔகாரத்துக்கு ளகரத்தையே பயன்படுத்திக்கொள்ளலாம், ஜ, ஷ, ஸ, ஹ வேண்டுமென்றால் தனியே சேருங்கள். ஒரு வடிவத்துக்கு 24க்கு 16 புள்ளி என்றால் 48 பைட். எல்லாம் சேர்த்து 6000 பைட். ஊனோவில் 32 கிலோபைட் நிரல் இடம் இருக்கிறது, அதில் உட்காரும். ஆனால் ரேமில் வைத்துவிடாதீர்கள். ஊனோவின் ரேமே 2048 பைட், அதில் 128க்கு 64 திரையின் படம் மட்டும் 1024 எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, கி-யின் கொக்கிக்கு மேலேயும் கு-வின் சுழிக்குக் கீழேயும் இடம் வேண்டும். ஆங்கிலம் எட்டு வரி வரும் திரையில் தமிழ் மூன்று வரிதான் படிக்கிற மாதிரி இருக்கும். வயதானவர்களுக்கு ஒரு அங்குலத் திரையில் மூன்று வரியும் அதிகம்.

காற்றில் கை அசைத்து இயக்கும் திரை ஒன்றை யோசிக்கிறோம். எந்த சென்சார் நல்லது?

சென்சார் வாங்குவதற்கு முன் சுவரில் ஒரு தாளை ஒட்டி, முன்னால் நின்று பத்து நிமிடம் கையை ஆட்டுங்கள். கூகுள் கிளாஸ் என்ற கணினிக் கண்ணாடியின் தொடக்க நாட்களில் டாம் சி என்பவர் கைச்சைகையைச் சோதிக்கத் தலைமுடிப் பட்டை, மீன்பிடி நரம்பு, ஸ்லைடு மாற்றும் கருவி இவற்றைக் கட்டியே வேலையை முடித்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கை நெஞ்சுக்கு மேலே போனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்பது அதிலேயே தெரிந்தது. மடி உயரத்தில் சின்ன அசைவாக இருந்தால் உங்கள் யோசனை பிழைக்கும்.

முதலீட்டாளர்களுக்குக் காட்டும் மாதிரியில், பெட்டி மேசைமேல், உண்மையான கணினி மேசைக்கு அடியில். இது ஏமாற்றா?

மேசைக்கு அடியில் இருப்பதைச் சொல்லிவிட்டால் இல்லை. 1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற கணினி ஆய்வாளர் மவுஸையும் ஹைப்பர்டெக்ஸ்டையும் (சொல்லைச் சொடுக்கினால் வேறிடத்துக்குப் போகும் எழுத்து) தொண்ணூறு நிமிடம் மேடையில் காட்டினார். கணினி இருந்தது சுமார் முப்பது மைல் தள்ளி, மென்லோ பார்க்கில். நடுவில் மைக்ரோவேவ் இணைப்பு. அதை அவர் மறைக்கவில்லை, மென்லோ பார்க்கில் இருந்தவர்களையே திரையில் காட்டினார். அந்த மவுஸின் முதல் மாதிரியும் 1964ல் அவருடன் வேலை செய்த பில் இங்கிலிஷ் செய்த மரப்பெட்டிதான், அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சக்கரம்.

வேலை செய்யும் மாதிரி ஒன்று, பார்க்க அழகான மாதிரி ஒன்று எனத் தனித்தனியாகச் செய்வது இந்தத் தொழிலில் சாதாரணம். இன்னும் எழுதாத மென்பொருளை எழுதிவிட்டதாகச் சொல்வதுதான் வம்பு.

காப்புரிமை எப்போது?

வெளியே காட்டுவதற்கு முன். தற்காலிக விண்ணப்பம் போட்டால் முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். காசு வரும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எங்கல்பார்ட்டின் மவுஸ் காப்புரிமை 1970ல் கிடைத்து, மவுஸ் வீடு வீடாகப் போவதற்குள் 1987ல் முடிந்துவிட்டது. அவருக்கு ராயல்டி எதுவும் வரவில்லை.

சின்ன லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆகும்போது சுடுகிறது. 150 மில்லிஆம்பியர்-மணி, டிபி4056 சார்ஜர் போர்டு.

உடனே நிறுத்துங்கள். அந்த போர்டு வரும்போதே 1 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டு வருகிறது. உங்கள் பேட்டரி தாங்கும் அளவைப்போல ஆறேழு மடங்கு. போர்டில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும், அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் போட்டால் சுமார் 130 மில்லிஆம்பியராகக் குறையும். ஏற்கனவே உப்பியிருந்தால் அந்த பேட்டரியை மறந்துவிடுங்கள்.

எத்தனை பேரிடம் சோதிக்க வேண்டும்?

ஐந்து பேர் சோதித்தால் குறைகளில் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் புகழ்பெற்ற கணக்கு. ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் கண்டுபிடிப்பார் என்ற அனுமானத்தில் வந்தது அது. ஐவரும் உங்கள் வகுப்புத் தோழர்கள் என்றால் கணக்கு செல்லாது. "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு கையைப் பாருங்கள்.

பிரெட்போர்டிலிருந்து பிசிபிக்கு (இணைப்புகள் அச்சிட்ட நிரந்தரப் பலகை) எப்போது போகலாம்?

மூன்று நாள் நீங்கள் எதையும் மாற்றவில்லை என்றால். அனுப்புவதற்கு முன் வடிவத்தைத் தாளில் 100 சதவீத அளவில் அச்சிட்டு, சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பாகங்களை அதன்மேல் வைத்துப் பாருங்கள். நான் ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டேன். வந்த ஐந்து போர்டிலும் கனெக்டர் இடம்வலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல இருந்தது. ஐந்தையும் திரும்பச் செய்தேன்.

3டி அச்சில் செய்த பெட்டி காருக்குள் வைத்திருந்தபோது வளைந்துவிட்டது.

3டி அச்சில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டு அதைத் தொட்டுவிடும். பிஇடிஜி என்ற வேறு பிளாஸ்டிக் போடுங்கள்.

அக்கா, சோப்பு டப்பாவைப் பாட்டியிடம் கொடுத்தேன் (திருச்சி). நான்கு நாளும் தலைகீழாகத்தான் பிடித்தார். அம்புக்குறி ஒட்டவா?

வேண்டாம், கண்ணாடி போடாமல் எடுப்பவருக்கு அம்புக்குறி தெரியாது. அடிப்பக்கம் இரண்டு மூன்று நாணயத்தை ஒட்டிக் கனமாக்குங்கள், மேல்பக்கத்தைக் கொஞ்சம் குறுக்குங்கள். கை தானாகத் திருப்பிக்கொள்ளும். இன்னும் இரண்டு நாள் பாருங்கள். அப்போதும் தலைகீழ் என்றால் திரையையே திருப்பிப் போட்டுவிடலாம், அது நிரலில் ஒரு வரி.