வீட்டில் ஓடும் மைன்கிராஃப்ட் சர்வருக்குள் வெளியூர் நண்பர்கள் ஏன் வர முடியவில்லை?

ஒரே வைஃபையில் இருப்பவர்கள் விளையாடுகிறார்கள், வெளியே இருப்பவர்களால் மட்டும் முடியவில்லை என்கிறீர்கள்; அப்படியென்றால் சர்வர் சரியாகத்தான் இருக்கிறது, பெரும்பாலும் ரூட்டரில்தான் வழி அடைபட்டிருக்கும். வெளியிலிருந்து சர்வருக்குள் வரும் வாசல் எண் (போர்ட்), மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்புக்கு டிசிபி வகையில் 25565, பெட்ராக் பதிப்புக்கு யுடிபி வகையில் 19132. அந்த போர்ட்டை ரூட்டரில் சர்வர் கணினியின் உள் ஐபிக்கு (வீட்டு வலையமைப்புக்குள் அதன் முகவரி) திருப்பிவிடுங்கள், அந்த ஐபி மாறாதபடி ஒதுக்கியும் வையுங்கள். அந்தக் கணினியின் ஃபயர்வாலிலும் அனுமதி வேண்டும்.

அப்படியும் வரவில்லையா? ரூட்டர் காட்டும் வேன் (WAN) ஐபியை, அதாவது இணையப் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது, நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் வீண். தனிப் பொது ஐபி கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் எல்லோருடைய கணினிகளையும் ஒரே தனி வலையமைப்பில் இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு இதுதான் சுலபமாகப் படுகிறது. அப்புறம், போர்ட்டைத் திறந்தால் நீங்கள் அனுமதித்தவர்களை மட்டும் உள்ளே விடும் வைட்லிஸ்டையும் ஆன் செய்துவிடுங்கள், திறந்த சர்வர்களைத் தேடி அலையும் பாட்கள் நிறைய.