இனிப்பும் காரமுமாகக் கடலை மிட்டாய் செய்தால் பல்லில் ஒட்டுகிறது, மிளகாய்த் தூளும் கசக்கிறது. எங்கே தவறு?

இரண்டுக்கும் காரணம் நேரம்தான். பாகைச் சீக்கிரம் இறக்கிவிடுகிறீர்கள், மிளகாய்த் தூளைச் சீக்கிரம் போட்டுவிடுகிறீர்கள். இந்த இரண்டையும் மாற்றினாலே போதும்.

நான் பல தடவை செய்து பார்த்து நிலைத்த அளவு இது: சர்க்கரை 200 கிராம், தண்ணீர் 60 மில்லி, வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 200 கிராம், வெண்ணெய் 25 கிராம், மிளகாய்த் தூள் ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு கால் டீஸ்பூன். முந்திரி, பாதாம் எதுவானாலும் இதே எடைதான்.

முதலில் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகும், பாகின் சூடு ஏறிக்கொண்டே போகும். 120 டிகிரி செல்சியஸில் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டால் உருட்ட வரும். 135-இல் கெட்டியாகும், ஆனால் கடித்தால் பல்லோடு வரும். பெரும்பாலானோர் அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். பார்வைக்குப் பாகு தயாரானது போலவே இருக்கும், நம்பாதீர்கள். 150-ஐத் தொட வேண்டும். அப்போது பாகில் மிஞ்சியிருக்கும் தண்ணீர் மிகமிகக் குறைவு, அதனால்தான் ஆறியதும் கண்ணாடி போல உடைகிறது. 155-ஐத் தாண்ட விடாதீர்கள், அதற்கு மேல் சூடு ஏற ஏற நிறம் கருத்துக் கசப்பு வந்துவிடும்.

தெர்மாமீட்டர் இருந்தால் முனை பாத்திரத்தின் அடியில் படாமல் பிடியுங்கள். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், குமிழிகளைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் பெரிது பெரிதாக, சலசலவென்று வெடிக்கும். போகப் போகச் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக எழுந்து அடங்கும். ஓரத்தில் வெளிறிய தேன் நிறம் தெரியும். அப்போது ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, அரை நிமிடம் கழித்து எடுத்துத் தட்டில் போடுங்கள். ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும், வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஓரிரு நிமிடம் பொறுங்கள். சோதிக்கும் நேரத்தில் தீயை நன்றாகக் குறைத்துவிடுங்கள், அந்த இடைவெளியிலேயே பாகு கருகிவிடலாம்.

எலுமிச்சைச் சாறு ருசிக்காக அல்ல. அதன் புளிப்பு சர்க்கரையில் கொஞ்சத்தைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடும், பாகு பூத்துப் போகாமல் அது காக்கும். சர்க்கரை கரைந்த பிறகு கரண்டி போட்டுக் கிளறாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய மணிகளை ஈரத் தூரிகையால் வழித்துவிடுங்கள். ஒரு மணி உள்ளே விழுந்தாலும் மொத்தமும் மணல் மாதிரி ஆகிவிடும்.

இப்போது காரம். முதல் முறை நான் மிளகாய்த் தூளைச் சர்க்கரையோடு சேர்த்தே கொதிக்க வைத்தேன். பாகு பதத்துக்கு வருவதற்குள் நெடி ஏறி, வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் இருமினோம். மிட்டாயும் செங்கல் நிறத்தில், கசப்பாக வந்தது. அவ்வளவு சூட்டில் அத்தனை நேரம் கிடந்தால் மிளகாய்த் தூள் கருகத்தான் செய்யும். அதற்குப் பிறகு வெண்ணெயைத் தனியாக உருக்கி, அடுப்பை அணைத்து, மிளகாய்த் தூளையும் உப்பையும் அதில் குழைத்து வைத்துக்கொள்கிறேன். மிளகாயின் காரம் கொழுப்பில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. வெண்ணெயோடு போனால் ஓரிடத்தில் சுளீர், ஓரிடத்தில் சப்பென்று இல்லாமல் எங்கும் சீராகப் பரவுகிறது.

கடைசி ஒரு நிமிடம் ஓட்டம்தான், எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாகை இறக்கியதும் மிளகாய் வெண்ணெய், அடுத்து கடலை, கடைசியில் சோடா. கடலை சூடாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், ஆறிய கடலை பட்டால் பாகு அங்கேயே இறுகிவிடும். சோடா போட்டதும் நுரைத்துப் பொங்கும், அதனால் ஆழமான பாத்திரம் தேவை. அந்த நுரையின் குமிழிகள் உள்ளே தங்குவதால்தான் மிட்டாய் கல்லாக இல்லாமல் மொறுமொறுவென்று உடைகிறது. நாலைந்து கிளறலோடு நிறுத்தி, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்புங்கள். அருகில் குழந்தைகள் வேண்டாம். இந்தப் பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், கொதிநீரைவிட மோசம்.

முழுதும் ஆறிய பிறகு உடைத்து, உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும், திறந்து வைத்தால் சீக்கிரமே நமுத்துப் போகும். அப்புறம், சுடச்சுட ருசி பார்த்துவிட்டுக் காரம் போதவில்லை என்று முடிவு செய்யாதீர்கள். நாக்கில் முதலில் இனிப்புதான் தெரியும், காரம் கொஞ்சம் தாமதமாக ஏறும்.

ஏற்கெனவே செய்து ஒட்டிக்கொண்டிருக்கும் மிட்டாயைக் கொட்டிவிட வேண்டாம். மறுபடி அடுப்பில் ஏற்றினால் கடலை கருகும். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள், நன்றாக விறைத்துவிடும். கெட்டித் துணியில் சுற்றித் தட்டிப் பொடித்து ஐஸ்கிரீம் மேல் தூவிச் சாப்பிடுங்கள். கசப்பு அதிகமில்லையென்றால் அந்தக் காரம் குளிர்ச்சியோடு அருமையாக இருக்கும்.