தெருமுனை காலி மனையில எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: எங்க தெருமுனையில ஒரு காலி மனை பல வருஷமா குப்பைமேடா கிடக்கு. நாலஞ்சு குடும்பம் சேர்ந்து அதை சின்னப் பூங்காவா மாத்தலாம்னு ஆசைப்படுறோம். ஆனா நடைபாதை, பெஞ்ச், நீரூற்று, காய்கறித் தோட்டம்னு ஆளாளுக்கு ஒரு பிளான் சொல்றாங்க, செலவை நினைச்சாலே மலைப்பா இருக்கு. என்ன செய்யலாம்?

பதில்: மலைச்சுப்போய் விட்டுடாதீங்க, அந்த பிளானை எல்லாம் இப்போதைக்கு ஓரமா வைங்க. குப்பையை அள்ளுங்க, புல் போடுங்க, நாலஞ்சு மரம் வைங்க, சுத்தி தாழ்வா ஒரு மரவேலி போடுங்க. ஆரம்பிக்க இது போதும்.

ஆறுதலுக்காக சொல்லல. அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல 541 காலி மனைகளை எடுத்து குலுக்கல் மாதிரி மூணா பிரிச்சாங்க, ஒரு பங்குல நான் மேல சொன்ன அதே வேலைய மட்டும் செஞ்சாங்க, இன்னொரு பங்குல வெறும் குப்பையை அள்ளினாங்க, மீதியை அப்படியே விட்டுட்டாங்க. அக்கம்பக்கத்துல இருக்கறவங்ககிட்ட முன்னாடியும் பின்னாடியும் போய்க் கேட்டிருக்காங்க. 2018ல முடிவு வந்துச்சு: மனசு சோர்ந்து இருக்குன்னு சொன்னவங்க, ஒண்ணுமே செய்யாத இடத்தோட பாத்தா, பசுமையாக்கின இடத்துக்குப் பக்கத்துல 41.5 சதவீதம் குறைஞ்சிருந்தாங்க. குப்பை மட்டும் அள்ளின இடத்துல சொல்லிக்கிற மாதிரி மாற்றம் இல்ல. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்தக் குட்டி வேலிதான், வண்டி வந்து குப்பை கொட்ட முடியாது, ஆனா ஆளு சுலபமா உள்ள போகலாம், இந்த இடத்தை யாரோ பாத்துக்கறாங்கன்னு தூரத்துலயே தெரிஞ்சுடும்.

ஆனா அங்க நட்டதோட நிக்கல, தொடர்ந்து ஆள் போய் புல் வெட்டி குப்பை பொறுக்கினாங்க. அதனால முதல் மீட்டிங்லயே எந்தச் செடின்னு பேசாம, எந்த மாசம் யார் முறைன்னு எழுதிடுங்க. மரத்துக்கு முதல் ரெண்டு வருஷம் தண்ணி ஊத்தியே ஆகணும், குழாய் எங்க இருக்குன்னும் அப்பவே பாத்துடுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு, மனை யாரோடதுன்னு கண்டுபிடிச்சு எழுத்துல அனுமதி வாங்கறது. நியூயார்க்குல 1973ல லிஸ் கிறிஸ்டின்னு ஒரு அம்மாவும் கூட இருந்தவங்களும் ஒரு குப்பை மனையை சுத்தம் பண்ணித் தோட்டம் போட்டாங்க, அடுத்த வருஷமே நகர நிர்வாகம் மாசம் ஒரு டாலர் வாடகைக்கு அதை அவங்களுக்கு விட்டுச்சு, இன்னைக்கும் அந்தத் தோட்டம் இருக்கு. அதே ஊர்ல 1999ல நூத்துக்கும் மேல சமூகத் தோட்டங்களை ஏலம் விட நிர்வாகம் கிளம்பிடுச்சு, ஜனங்க போராடி, கடைசியில ரெண்டு அமைப்புகள் காசு கொடுத்து வாங்கித்தான் அதெல்லாம் பிழைச்சுது. வருஷக்கணக்குல வளர்த்ததை ஒரு நோட்டீஸ்ல பறிகொடுக்கற வலி உங்களுக்கு வரக்கூடாது, அதனால எத்தனை வருஷத்துக்குன்னு தெளிவா எழுதி வாங்குங்க.

காய்கறி போடணும்னா மட்டும் மண்ணை லேப்ல டெஸ்ட் பண்ணாம போடவே போடாதீங்க. பழைய கட்டடம் இடிஞ்ச மனையில பெயின்ட்ல இருந்த ஈயம் மண்ணுலயே தங்கியிருக்கும், கீரை, கிழங்குல அது சேரும், குழந்தைங்க மூளைக்கு ரொம்பக் கெடுதல். ஈயம் இருந்தா அடியில துணி விரிச்சு, மேல பெட்டி மாதிரி பாத்தி கட்டி, வெளியிலேர்ந்து நல்ல மண்ணு கொண்டுவந்து போட்டு வளருங்க.

கேள்வி: பூங்காவுக்குப் பதிலா மியாவாக்கி காடு வைக்கலாமா?

பதில்: சதுர மீட்டருக்கு மூணு நாலு கன்னு நெருக்கமா வைக்கற முறை அது, சீக்கிரம் அடர்ந்துடும், பறவை வரும், நல்லதுதான். ஆனா உள்ள உட்கார முடியாது, குழந்தைங்க ஓட முடியாது, வெளியிலேர்ந்து பாத்தா உள்ள யார் இருக்காங்கன்னும் தெரியாது. மனை சின்னதுன்னா பின்பக்கச் சுவரோரமா ஒரு பட்டை மட்டும் வைங்க, முன்பக்கம் திறந்தே இருக்கட்டும்.