கவலை வந்தால் கை ஏன் பாட்டிலைத் தேடுகிறது? வாசகர் கேள்விகளுக்கு ஒரு மனநல மருத்துவரின் பதில்கள்

கே: என் நண்பருக்கு என்னைவிட வேலைச்சுமை அதிகம். அவர் மதுவைத் தொடுவதே இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

ப: சுமை பாதிக் கதைதான். அதை எப்படிச் சமாளிக்கப் பழகியிருக்கிறீர்கள் என்பது மீதி. சிலர் பிரச்சினையையே கையில் எடுப்பார்கள். சிலர் யாரிடமாவது பேசி மனதை ஆற்றிக்கொள்வார்கள். லாசரஸ், ஃபோக்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1984-ல் இந்த இரண்டு வழிகளையும் பிரித்து விளக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. குடி பெரும்பாலும் இவர்களிடம்தான் வந்து ஒட்டிக்கொள்கிறது.

மேலதிகாரியின் மின்னஞ்சலைத் திறக்கப் பயந்து மாலையில் இரண்டு பெக் குடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நிம்மதி அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். காலையில் மின்னஞ்சல் அப்படியே கிடக்கும், தலைவலியும் கூடவே இருக்கும். ஆனால் மூளை பதிந்துகொள்வது உடனே கிடைத்த நிம்மதியை மட்டும்தான். ஒரு வாரத்துக்கு, முதல் கிளாஸுக்கு முன்னால் அன்று என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப அதே இரண்டு மூன்று விஷயங்கள்தான் வரும். வேலையை அங்கிருந்து தொடங்கலாம்.

கே: சந்தோஷத்துக்குக் குடித்தாலும் கவலைக்குக் குடித்தாலும் ஒன்றுதானே?

ப: உடம்புக்கு ஒன்றுதான். ஆனால் கவலையை மறக்கக் குடிப்பவர்கள்தான் சிக்கலில் அதிகம் மாட்டுகிறார்கள். கவலை தீராதவரை குடிக்கக் காரணமும் தீராது, அல்லவா?

கே: குடித்தால் உடனே தூக்கம் வருகிறது. ஆனால் விடியற்காலை 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்கிறேன். வேலை டென்ஷன்தானே?

ப: டென்ஷன் இருக்கலாம். ஆனால் பழியை முழுக்க அதன் மேல் போடாதீர்கள். மது, மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்துக்குத் துணை நின்று, தூண்டிவிடும் குளூட்டமேட்டை அடக்குகிறது. போதை இறங்கும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. அந்தப் படபடப்பு அதனால் வருவது. அதைக் கவலை என்று நினைத்து மறுநாள் மாலையும் குடிக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் சுற்றிச் சுற்றி வருவது இந்தச் செக்கில்தான்.

கே: என் கணவர் பல வருடங்களாகத் தினமும் குடிக்கிறார். நாளையே ஒரேயடியாக நிறுத்தச் சொல்லட்டுமா?

ப: வேண்டாம் அம்மா, முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள்ளேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணில் தெரிவது, ஆள் அடையாளம் குழம்புவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மருந்து கொடுத்து, கண்காணிப்பில் வைத்துப் பாதுகாப்பாக நிறுத்த முடியும். அப்புறம், உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். இத்தனை வருடம் நீங்கள் தாங்கியதும் சின்னச் சுமை இல்லை.

கே: நிறுத்தி 2 மாதம் ஆகிறது. திடீரென்று ஆசை வரும்போது என்ன செய்வது?

ப: ஆசை அலை மாதிரி எழும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். பசியோடு இருக்கிறீர்களா என்று பாருங்கள், முதலில் சாப்பிடுங்கள். பிறகு நம்பிக்கையான ஒருவருக்குப் போன் செய்து, "இப்போது குடிக்கத் தோன்றுகிறது" என்று அப்படியே சொல்லுங்கள். ஒரு நாள் தவறிவிட்டாலும் 2 மாதமும் வீண் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள்.