சாகச பைக்கில் எதை மாற்றுவது, எதை விடுவது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஓடிய சாகச பைக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். அலுமினியப் பெட்டிகள், கூடுதல் விளக்குகள், புது சைலன்சர், உயரமான விண்ட்ஷீல்டு எனப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: உங்கள் பட்டியலில் இல்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். இவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் முதல் செலவு தேய்ந்த பாகங்களுக்கே போக வேண்டும். அவை சரியாகாதவரை மேலே எதைப் பூட்டினாலும் வண்டியின் உண்மையான குணம் உங்களுக்குப் பிடிபடாது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பின்பக்கம் செயினை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரியும் அளவுக்குச் செயின் விலகி வந்தாலோ, பற்கள் அரிவாள் நுனிபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது. ஐயம் இருந்தால் அளந்தே பார்த்துவிடலாம்: 520, 525 ஆகிய இரு வகைச் செயின்களிலும் ஒரு பின்னுக்கும் (கண்ணிகளை இணைக்கும் சிறு தண்டு) அடுத்த பின்னுக்கும் இடையிலான தூரம் 15.875 மில்லிமீட்டர் என்பதால், செயினை இறுக்கிப் பிடித்து 21 பின்களின் நீளத்தை அளந்தால் புதிய செயின் 317.5 மில்லிமீட்டர் காட்டும். அது எவ்வளவு நீளும்வரை ஓட்டலாம் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். 319 என்று சில கையேடுகளும் 323 என்று சில கையேடுகளும் எல்லை வகுக்கின்றன. மாற்றும்போது செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பற்களின்மேல் ஓடும் புதுச் செயின் விரைவில் பழையதாகிவிடும்.

அடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி ஹேண்டில்பாரை மிக மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நேராக நிற்கும் இடத்தில் மட்டும் சிறு பள்ளத்தில் விழுந்ததுபோல் கை நின்று நகர்ந்தால், ஸ்டீயரிங் பேரிங்கின் பாதையில் தடம் விழுந்துவிட்டது என்று பொருள். கிரீஸ் வைத்து அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றிவிடுங்கள். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மூட்டை ஏற்றிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வரும்போது பிரேக் லீவர் திடீரெனத் தொய்ந்துபோவது இதனால்தான். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்த்துவிடுங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது, பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும்.

கேள்வி: நானும் மனைவியும் மூட்டைகளோடு கிளம்பினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் 'டம்' என்று அடிவாங்குகிறது. ஸ்பிரிங்கை இறுக்கினால் போதும் என்கிறார் மெக்கானிக். ஷாக் அப்சார்பரையே மாற்றச் சொல்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அளந்து பார்க்கும்வரை இருவர் சொல்வதையும் ஒத்திவையுங்கள். ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் நட்டை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது; அது சரியன்று. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 80 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கும் அதே 80 நியூட்டனைத்தான் கேட்கும். இறுக்குவதால் மாறுவது வண்டி நிற்கும் உயரமே.

பின்சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர்மேலே சட்டத்தில் ஒட்டிய ஒரு துண்டு டேப்வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை மட்டும் தரையில் நிறுத்தி ஒருமுறையும், நீங்கள் இருவரும் மூட்டைகளும் ஏறிய நிலையில் இன்னொரு முறையும் அளவெடுங்கள். முதல் அளவிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு வண்டி அமுங்கியிருக்கிறது. சக்கரத்தின் மொத்த மேல்கீழ் அசைவு 200 மில்லிமீட்டர் என்றால், முழுச் சுமையோடு வண்டி ஏறத்தாழ 60 மில்லிமீட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமுங்குவது சரியான நிலை. அந்த அளவுக்குக் கொண்டுவர நட்டை மிகவும் இறுக்க வேண்டியிருந்து, அதன்பின் ஆள் ஏறாத வண்டி தன் எடைக்குச் சற்றும் அமுங்காமல் விறைத்து நின்றால், உங்கள் சுமைக்கு அந்த ஸ்பிரிங் மென்மையானது. மாறாக, ஆள் ஏறாத நிலையிலேயே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமானது. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். ஆனால் மென்மையான ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கி வைத்திருந்தால் வெறும் வண்டியின் எடை அதை அசைக்காது என்பதை எண்ணிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஸ்பிரிங் மென்மையானது என்று தெரிந்தால், ஷாக்கை வைத்துக்கொண்டு கடினமான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவதே சிக்கனமான வழி. ஷாக்கின் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஒரு பள்ளத்தைத் தாண்டிய பின் வண்டி இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினாலோ அதன் உள்ளுறுப்புகள் தேய்ந்திருக்கின்றன; பிரித்துச் சீரமைக்க முடியாத வகையாக இருந்தால், உங்கள் நண்பர் சொல்வதுபோல் முழுதாக மாற்றுவது நியாயமே. பின்பக்கத்தைச் சரிசெய்துவிட்டு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மறந்துவிடாதீர்கள். அதன் ஆயிலும் பழையதாகும், அதை மாற்ற ஆகும் செலவோ இவை எல்லாவற்றையும்விடக் குறைவு. வேலை முடிந்ததும் ஹெட்லைட்டின் கோணத்தையும் திருத்தியாக வேண்டும். இதுவரை பின்பக்கம் தாழ்ந்திருந்ததால் அது எதிரே வருபவர்களின் கண்ணில் அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

கேள்வி: கரடுமுரடான ஏற்றங்களில் முதல் கியரிலும் எஞ்சின் திணறுகிறது. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம், மலிவான மாற்றங்களில் இவ்வளவு பலன் தருவது வேறொன்றுமில்லை. முன்னே 15, பின்னே 45 பற்கள் இருந்தால் விகிதம் 3.00. முன்னே 14 ஆக்கினால் 3.21, அதாவது சக்கரத்துக்கு ஏழு சதவீதம் கூடுதல் இழுவிசை. பின்னே மூன்று பற்கள் கூட்டினாலும் ஏறக்குறைய இதே விளைவுதான், ஆனால் அதற்குச் செயின் நீளம் போதாமல் போகலாம். இழப்பும் உண்டு. முன்பு 100 கிலோமீட்டர் வேகம் தந்த எஞ்சின் சுழற்சி இனி 93 தான் தரும், செயினும் சிறிய வட்டத்தில் வளைந்து பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் ரப்பரை அதிகம் உரசும். வேகமானியின் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கும் வண்டிகளில், அந்த 93ஐயும் முள் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: சைலன்சர் மாற்றினால் சக்தி கூடுமா?

பதில்: எடை குறையும், ஓசை கூடும். சக்தியில் நீங்கள் உணரும்படி எதுவும் நடக்காது.

கேள்வி: கூடுதல் விளக்குகளையும் சூடேற்றும் கைப்பிடிகளையும் பொருத்திய பிறகு, மெதுவாக ஓட்டும் நாட்களில் பேட்டரி இறங்கிவிடுகிறது. பெரிய பேட்டரி போட்டால் தீருமா?

பதில்: தீராது. பேட்டரி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் இடமே. உற்பத்தி ஆல்டர்னேட்டரில் நடக்கிறது, விவரப் பட்டியலில் அச்சாகும் அதன் வாட் அளவோ எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் அதில் ஒரு பகுதிதான் வரும். அதிலிருந்தே பெட்ரோல் பம்ப்பும் ஹெட்லைட்டும் ரேடியேட்டர் விசிறியும் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தலா 20 வாட் விளக்குகள் இரண்டும் 36 வாட் கைப்பிடிகளும் சேர்ந்து 76 வாட், 12 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்குச் சற்று மேல். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் எரியவிட்ட நிலையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியிலிருந்து செலவாகிக்கொண்டிருக்கிறது. நெரிசலில் கைப்பிடிச் சூட்டையாவது அணைத்துவிடுங்கள். வயரிங்கையும் கூடவே பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற ஹெட்லைட் வயரை வெட்டி ஒட்டாமல், பேட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, பேட்டரிக்கு மிக அருகில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, சாவியை அணைத்ததும் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக இணைத்திருக்க வேண்டும். ஃபியூஸ் வயருக்கான காவல் என்பதால், அது எரிந்துபோனால் காரணத்தைத் தேடாமல் பெரியதாகப் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வலிக்கிறது. ஹேண்டில்பாரை 40 மில்லிமீட்டர் உயர்த்த ரைசர் வாங்கியிருக்கிறேன். நானே பொருத்தலாமா?

பதில்: பொருத்துவது எளிது. முதலில் பாரின் தடிமன் 22 மில்லிமீட்டரா 28.6 மில்லிமீட்டரா என்று பார்த்து அதற்கேற்ற ரைசர்தானா என உறுதி செய்யுங்கள். உயர்த்திய பிறகு பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பி, பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள், சுவிட்ச் வயர்கள் எதுவும் விறைத்து இழுபடவில்லை என்று பாருங்கள். முன் ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும் நிலையிலும் இதைப் பார்க்க வேண்டும். ஹோஸ் எட்டாவிட்டால் நீளமான ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடலாம், ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில், ஹோஸுக்குள் புகுந்த காற்றை முழுதாக வெளியேற்ற ஏபிஎஸ் பம்ப்பைக் கணினிக் கருவியால் இயக்க வேண்டியிருக்கும். அந்த வேலையைக் கருவி உள்ளவரிடம் விட்டுவிடுங்கள். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்குங்கள். கடைசியாக, நியூட்ரலில் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டுப் பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். எந்தப் பக்கத்திலாவது எஞ்சினின் வேகம் தானாகக் கூடினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.