ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்': சொற்களும் சூழலும் பற்றிய கேள்வி பதில்

நாடகத்தைப் படிக்காதவர்களுக்காக முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பல் உடைந்து இல்லிரியா கரையில் ஒதுங்குகிறாள் வயோலா. தன்னோடு இரட்டையாகப் பிறந்த செபாஸ்டியன் கடலோடு போய்விட்டான் என்று நினைக்கிறாள். ஆண் வேடம் போட்டு, செசாரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் வேலைக்குச் சேர்கிறாள். அவன்மேல் அவளுக்குக் காதல், அவனுக்கோ ஒலிவியா சீமாட்டிமேல் காதல். தூது போன செசாரியோமேலேயே ஒலிவியாவுக்கு ஆசை வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் ஒலிவியா வீட்டில் அவளுடைய உறவினர் சர் டோபி, அவர் கூட்டாளி சர் ஆண்ட்ரூ, பணிப்பெண் மரியா எல்லோரும் சேர்ந்து, காரியஸ்தர் மல்வோலியோவை, ஒலிவியா எழுதியதுபோன்ற ஒரு பொய்க் காதல் கடிதத்தில் சிக்கவைக்கிறார்கள். இனி கேள்விகள்.

'பன்னிரண்டாம் இரவு' என்று தலைப்பு. ஆனால் நாடகத்துக்குள் அப்படி ஓர் இரவே வரவில்லையே? – தமிழ்ச்செல்வி, மதுரை

வரவில்லைதான். கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் பன்னிரண்டு நாள் ஓடி, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளோடு முடியும். அந்தக் கடைசிக் கொண்டாட்டத்துக்குத்தான் இந்தப் பெயர். அன்றைக்கு ஒரு கேக்குக்குள் அவரை விதை ஒன்றை வைத்துச் சுடுவார்கள். யாருடைய துண்டில் விதை கிடைக்கிறதோ அவர்தான் அன்றைய ராஜா. பெரிய வீடுகளிலும் சட்டக் கல்லூரிகளிலும் 'குழப்பத்தின் தலைவன்' என்று ஒருவனுக்குப் பட்டம் கட்டி, அவன் சொல்வதையே கேட்பார்கள். மேல் கீழாக, கீழ் மேலாக இருக்கும் நாள் அது. நாடகத்தில் நாளின் பெயர் வராவிட்டாலும் அதன் சட்டம்தான் நடக்கிறது. பெண் ஆணாகிறாள், காரியஸ்தர் பிரபு ஆவதாகக் கனவு காண்கிறார், கோமாளி பாதிரியார் வேடம் போடுகிறான்.

நமக்குத் தெரிந்த முதல் மேடையேற்றம் 1602 பிப்ரவரி 2, லண்டன் சட்டக் கல்லூரிகளில் ஒன்றான மிடில் டெம்பிளின் மண்டபத்தில் நடந்தது. ஜான் மானிங்ஹாம் என்ற சட்ட மாணவர் நாட்குறிப்பில் எழுதி வைத்ததால் தெரிகிறது. அவர் ரசித்துக் குறித்துவைத்தது காதல் கதையை அல்ல, காரியஸ்தரை ஏமாற்றிய கதையை! அந்த மண்டபம் இன்றும் இருக்கிறது.

பாத்திரங்களின் பெயர்களுக்கு அர்த்தம் உண்டா? – ராகவன், திருச்சி

நிறையவே உண்டு. மல்வோலியோ என்றால் இத்தாலிய மொழியில் 'கெட்ட எண்ணம்'. 'ரோமியோ ஜூலியட்'டில் வரும் பென்வோலியோ இதற்கு நேர் எதிர். சர் டோபி பெல்ச்சுக்கு ஏப்பம்தான் குடும்பப் பெயர். ஆண்ட்ரூ ஏக்யூசீக் என்பதில் 'ஏக்யூ' குளிர் காய்ச்சல், 'சீக்' கன்னம். காய்ச்சலில் ஒட்டிப்போன முகத்தோடு ஓர் ஒல்லிப்பிச்சானைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோமாளி ஃபெஸ்டேயின் பெயரில் திருவிழா இருக்கிறது, ஆனால் அந்தப் பெயர் நாடகம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது.

வயோலா விஷயம் இன்னும் அழகு. அவள் பெயரை யாரும் ஐந்தாம் அங்கம் வரை சொல்வதே இல்லை. புத்தகத்தில் படிக்கிற நமக்கு அவள் வரும் முதல் காட்சியிலிருந்தே பெயர் தெரியும். மேடையில் பார்க்கிறவருக்குத் தெரியாது. செத்துப்போனதாக நினைத்த செபாஸ்டியன் நேரில் வந்து நின்று பெயரைச் சொல்லும்போதுதான் அவள் மறுபடி வயோலா ஆகிறாள். ஷேக்ஸ்பியருக்கும் ஹாம்னெட், ஜூடித் என்று ஆணும் பெண்ணுமாக இரட்டைக் குழந்தைகள். ஹாம்னெட் 1596இல், 11 வயதில் இறந்துபோனான். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் நகைச்சுவையாக மட்டும் படிக்க முடிந்ததில்லை.

மல்வோலியோவை 'ஸ்டூவர்ட்' என்கிறார்கள். வேலைக்காரனா, மேலாளரா? – அருண், கோயம்புத்தூர்

ஜமீன் வீட்டுக் காரியஸ்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டிக்' என்றால் வீடு அல்லது கூடம், 'வேர்ட்' என்றால் காவலர். இரண்டும் சேர்ந்த பழைய ஆங்கிலச் சொல்தான் ஸ்டூவர்ட் ஆனது. முதலாம் எலிசபெத் ராணிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்தின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். வீட்டுக் கணக்கு, சாவி, வேலையாட்கள் எல்லாம் அவர் கையில். ஆனாலும் அவர் சம்பளக்காரர். சர் டோபி குடிபோதையில் இருந்தாலும் பிறப்பால் கனவான். "நீ ஒரு ஸ்டூவர்டுக்கு மேல் ஏதாவதா?" என்று அவர் கேட்பது சரியான அடி. அடுத்த மூச்சிலேயே, "போய் உன் சங்கிலியை ரொட்டித் துகளால் தேய்" என்கிறார். காரியஸ்தர்கள் பதவிக்கு அடையாளமாகக் கழுத்தில் சங்கிலி அணிவார்கள், அதைப் பளபளப்பாக்க ரொட்டித் துகள்தான்.

இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டு தோட்டக் காட்சிக்கு வாருங்கள். ஒலிவியாவைக் கல்யாணம் செய்துகொண்டதாக மல்வோலியோ பகல் கனவு காண்கிறார். வெல்வெட் அங்கி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம், டோபியைக் கூப்பிட்டுவர ஆள் போயிருக்கிறதாம். "நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன், இல்லை என்னுடைய..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தி, "ஏதோ ஒரு விலை உயர்ந்த நகையோடு விளையாடுவேன்" என்கிறார். பழக்கத்தில் கை சங்கிலிக்குப் போகிறது. பிரபு ஆகிவிட்டால் அது கழுத்தில் இருக்காதே என்று உடனே உறைக்கிறது. யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று அரசாணையே இருந்த காலம் என்பதால், வெல்வெட் அங்கி என்று கேட்டதுமே அரங்கம் சிரித்திருக்கும். ஒரு மனிதனின் மொத்த ஆசையும் அந்த அரை வாக்கியத்தில் இருக்கிறது. நாடகத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

'தௌ', 'யூ' இரண்டும் வருகின்றன. நம் நீ, நீங்கள் மாதிரியா? – ஷாஹிதா, காயல்பட்டினம்

கிட்டத்தட்ட அப்படியே. இந்த விஷயத்தில் இன்றைய ஆங்கிலேயரைவிடத் தமிழ் வாசகருக்கு நாடகம் சீக்கிரம் புரியும். செசாரியோவைச் சண்டைக்கு இழுக்க ஆண்ட்ரூ கடிதம் எழுதப் போகும்போது, "ஒரு மூன்று தடவை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை" என்று டோபி யோசனை சொல்கிறார். பழக்கமில்லாத கனவானை 'நீ' என்பதே அடிக்குச் சமம். 1603இல் கடலோடி வால்டர் ராலேமேல் தேசத்துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் நீதிமன்றத்திலேயே அவரை 'தௌ' போட்டுத் திட்டினார். ஆனால் காதலிலும் அதே 'தௌ'தான் வரும். எப்போது யார் மாற்றுகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே படியுங்கள்.

'கேக்ஸ் அண்ட் ஏல்' என்ற தொடருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? – பிரான்சிஸ், நாகர்கோவில்

நடுராத்திரியில் பாட்டும் கூத்துமாக இருக்கிறவர்களை மல்வோலியோ வந்து அதட்டுகிறார். "நீ ஒழுக்கசாலி என்பதற்காக இனி உலகத்தில் கேக்கும் ஏலும் இருக்கக்கூடாதா?" என்று திருப்பிக் கேட்கிறார் டோபி. ஏல் ஒரு வகை பீர். கேக்கும் ஏலும் அந்தக் காலத்தில் தேவாலயத் திருவிழாக்களில் பரிமாறியவை. அதையெல்லாம் பழைய கத்தோலிக்க மதத்தின் மிச்சம் என்று, கடும் ஒழுக்கம் பேசிய புராட்டஸ்டண்டுகளான பியூரிட்டன்கள் எதிர்த்தார்கள், நாடக அரங்குகளையும் சேர்த்துத்தான். அதனால் டோபியின் கேள்வி நடிகர்களின் வயிற்றுப்பாட்டுக் கேள்வியும்கூட. 1642இல் நாடாளுமன்றம் அரங்குகளை மூடியே விட்டது. ஆனால் ஷேக்ஸ்பியர் நியாயமாகவே நடந்துகொள்கிறார். மல்வோலியோ ஒரு மாதிரி பியூரிட்டன் என்று சொன்ன மரியாவே, அதெல்லாம் இல்லை, காற்றடிக்கிற பக்கம் சாய்கிற ஆள் என்று திருத்திக்கொள்கிறாள்.

டோபி கேக்கும் ஏலும் பற்றிக் கேட்ட உடனே ஃபெஸ்டே சேர்ந்துகொண்டு, "புனித அன்னாள்மேல் ஆணையாக, வாயில் இஞ்சியும் உறைக்கும்" என்கிறான். ஏலில் இஞ்சி போட்டுக் குடிப்பது அப்போது வழக்கம். இந்த 'ஜிஞ்ஜர்' என்ற சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் லத்தீனில் 'ஜிஞ்ஜிபெர்', கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்', பாலியில் 'சிங்கிவேர' என்று வரும். அதற்கும் பின்னால் இருப்பது நம் இஞ்சியும் வேரும் சேர்ந்த திராவிடச் சொல் என்பதுதான் மொழியியலாளர் பலரும் ஏற்கும் முடிவு. கொம்பு போன்ற வடிவம் என்று சமஸ்கிருதத்தில் சொல்லும் விளக்கம் பிறகு பொருத்திக்கொண்டது. மிளகோடும் இஞ்சியோடும் தென்னிந்தியக் கரையிலிருந்து கப்பலேறிய சொல், லண்டன் மேடையில் ஒரு கோமாளி வாயில் வந்து விழுந்திருக்கிறது என்று நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

இந்தியாவைப் பற்றி வேறு குறிப்பு உண்டா? – அதே பிரான்சிஸ்

உண்டு. பொய்க் கடிதத்தை நம்பி, ஒலிவியாவுக்குப் பிடிக்கும் என்று மஞ்சள் காலுறை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே வருகிறார் மல்வோலியோ. அவர் முகத்தில், "இண்டீஸ் பகுதியை விரிவாக்கிய புதிய வரைபடத்தில் இருப்பதைவிட அதிகக் கோடுகள்" என்கிறாள் மரியா. ஆங்கில எழுத்தாளர் ஹக்லூயிட்டின் கடற்பயணத் தொகுப்போடு 1599 வாக்கில் வந்த உலக வரைபடத்தைத்தான் சொல்கிறாள் என்பது பொதுவான கருத்து. கணித அறிஞர் எட்வர்ட் ரைட்டின் கணக்குப்படி வரைந்தது அது. கப்பல் திசை பிடிப்பதற்கான கோடுகள் கடல் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் ராணி சாசனம் கொடுத்தது 1600 டிசம்பர் 31இல். ஆக, அந்த வரைபடம் அப்போது ஊர்ப் பேச்சு.

முதல் அங்கத்தில் ஆட்டத்தைப் பற்றி ஆண்ட்ரூவும் டோபியும் பேசுவது ஒன்றுமே புரியவில்லை. – ஒரு கல்லூரி மாணவி, திருநெல்வேலி

எல்லாம் நடன வார்த்தைகள். 'கேலியார்ட்' துள்ளல் ஆட்டம். 'சிங்க்-அ-பேஸ்' என்பது 'ஐந்து அடி' என்ற பிரெஞ்சுத் தொடர் ஆங்கில வாயில் உடைந்த வடிவம். 'கிக்ஷா' பிரெஞ்சில் 'ஏதோ ஒன்று', அதுவே ஆங்கிலத்தில் சில்லறை அலங்காரம் என்றாகிவிட்டது. "நான் 'கேப்பர்' போடுவேன்" என்கிறார் ஆண்ட்ரூ. அவர் சொல்வது ஆட்டுக்குட்டித் துள்ளல். "அதற்கு நான் ஆட்டுக்கறி வெட்டுகிறேன்" என்கிறார் டோபி. கேப்பர் என்ற பெயரில் ஊறவைத்த மொட்டும் உண்டு, வேகவைத்த ஆட்டுக்கறிக்கு அதுதான் சேர்மானம். இரண்டு கேப்பருக்கும் வேர்ச்சொல் வேறு வேறு. ஒலி ஒன்றாக இருந்ததால் ஜோக் பிறந்தது.

இருட்டறைக் காட்சி கொடுமையாக இல்லையா? – மீனாட்சி, யாழ்ப்பாணம்

கொடுமைதான், நான் உங்கள் பக்கம். பித்துப் பிடித்தவர்களை இருட்டறையில் கட்டிப்போடுவது அன்றைய வைத்தியம். நல்ல புத்தியோடு இருக்கும் மல்வோலியோவை அதில் அடைத்துவிட்டு, ஃபெஸ்டே பாதிரியார் டோபாஸாக வந்து பைத்தியமா என்று சோதிக்கிறான். அவன் கேட்கும் கேள்வி, காட்டுப் பறவைகளைப் பற்றிப் பித்தாகரஸ் என்ன சொன்னார்? "நம் பாட்டியின் ஆன்மா ஒரு பறவைக்குள் இருக்கலாம் என்றார்" என்று சரியாகவே பதில் சொல்கிறார் மல்வோலியோ. ஆனால் ஆன்மாவைத் தான் உயர்வாக நினைப்பதாகவும், அந்தக் கருத்தை ஏற்கவில்லை என்றும் சொல்கிறார். மறுபிறவியை ஒத்துக்கொள்ளும் வரை இருட்டிலேயே கிட, 'உட்காக்' பறவையைக் கொல்லப் பயப்படு என்று சொல்லிவிட்டுப் போகிறான் ஃபெஸ்டே. எளிதில் கண்ணியில் மாட்டுவதால் 'உட்காக்' என்றால் முட்டாள் என்றும் அர்த்தம். முன்பு கடிதம் எடுக்க வந்த மல்வோலியோவையும் இதே பறவையின் பெயரால்தான் சொன்னார்கள்.

கடைசியில் அவர் "உங்கள் கூட்டம் மொத்தத்தையும் பழிவாங்குவேன்" என்கிறார். அவர் சொல்லும் 'பேக்' வேட்டை நாய்க் கூட்டத்துக்கான சொல். தேம்ஸ் தென்கரையில் நாடக அரங்குகளுக்குப் பக்கத்திலேயே, கரடியைக் கம்பத்தில் கட்டி நாய்களை ஏவிவிடும் கேளிக்கை நடந்தது. கரடி எது, நாய்கள் எவை என்று பார்க்கிறவர்களுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. முதலாம் சார்லஸ் மன்னர் தன் பிரதியில் இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் 'மல்வோலியோ' என்றே எழுதி வைத்திருந்தார்.

தமிழில் இந்தக் கதை வந்திருக்கிறதா? – குமார், சேலம்

1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'கன்னியின் காதலி' இந்தக் கதையைத் தழுவியது. கண்ணதாசன் பாட்டெழுதிய முதல் படமும் அதுதான்.