குற்றம் நடந்த இடம்

கேள்வி: ஜேர்மனியில் மகள் வீட்டில் நாலு மாதம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே ஞாயிறு இரவு எட்டேகால் ஆனால் ஒருவரும் கதைக்கக் கூடாது. 'டாட்ஓர்ட்' என்ற துப்பறியும் தொடர். 1970இல் தொடங்கியதாம். கோடை இடைவேளை முடிந்து புதிய பருவம் தொடங்கும் நாளைப் பேரன் எண்ணிக்கொண்டிருந்தான். பெயருக்கு 'குற்றம் நடந்த இடம்' என்று பொருள் சொன்னதும் அவன்தான். இத்தனை வருடமாகக் கொலைக் கதை பார்க்க இந்தச் சனத்துக்கு அலுக்காதா?
— ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: ஏன் அலுக்கவில்லை என்பதை உங்கள் பேரனே சொல்லிவிட்டான், அம்மா. 'இடம்' என்றானே, அதுதான். கொலையை ஒரு பக்கம் வைப்போம். எனக்கு அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அது ஒரே கதையை இழுத்துக்கொண்டு போகும் தொடர் அல்ல. அதை ஒளிபரப்பும் ஏ.ஆர்.டி. என்பது ஜேர்மனியின் பிராந்தியத் தொலைக்காட்சி நிலையங்கள் சேர்ந்த கூட்டு. ஒவ்வொரு நிலையமும் தன் ஊரில், தன் துப்பறிவாளரை வைத்து, தன் கதையை எடுக்கிறது. ஒரு ஞாயிறு மியூனிக், இன்னொரு ஞாயிறு டோட்முண்ட், பிறகு வியன்னா, பிறகு சூரிச். ஒஸ்திரியாவும் சுவிசும் தங்கள் பங்குக்கு எடுத்துத் தருகின்றன. 1970 நவம்பர் 29இல் வந்த முதல் கதையில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் ஒரு பிள்ளையின் சடலம் கிடக்கிறது. ஹம்பேர்க் பொலிஸ் அதிகாரி அதற்காக எல்லை தாண்டிக் கிழக்கு ஜேர்மனிக்குள் போகிறார். நாடு இரண்டாகக் கிடந்த காலம். முதல் கதையே அந்தப் பிளவின் மேல்தான் கட்டப்பட்டது. அடுத்த வருடமே கிழக்கு ஜேர்மனியும் தனக்கென்று ஒரு பொலிஸ் தொடரைத் தொடங்கியது. நாடுகள் ஒன்றான பிறகு அந்தத் தொடரையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. இன்றும் சில ஞாயிறுகளில் அதே எட்டேகாலுக்கு அது வருகிறது.

கேள்ன் நகரத்துக் கதைகளில் 1997 முதல் அதே இரண்டு அதிகாரிகள். றைன் ஆற்றங்கரையில் ஒரு சொசேஜ் கடை. அங்கே நின்று சாப்பிட்டபடிதான் வழக்கைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கடையைப் பார்த்தவுடன் கேள்ன்காரனுக்குத் தன் வீடு தெரிகிறது. நான் மனதைப் பறிகொடுத்தது டூயிஸ்பேர்க் கதையில். 1981இல் ஷிமான்ஸ்கி என்ற அதிகாரி அங்கே வந்தார். அழுக்கு ஜக்கெற், வாயில் கெட்ட வார்த்தை, பின்னால் உருக்காலைப் புகை. எங்கள் ஊரை இப்படி அசிங்கமாகக் காட்டுவதா என்று ஊர்ப் பெரியவர்களுக்குக் கோபம். பத்து வருடம் அந்தப் புகைக்குள்ளேதான் அவர் துப்பறிந்தார். பிறகு அதே நகரம் தன் துறைமுகப் பகுதியில் ஒரு ஒழுங்கைக்கு அவருடைய பெயரை வைத்தது. உயிரோடு இருந்த மனிதருக்கு அல்ல, கதையில் வந்த ஒரு பொலிஸ்காரருக்கு!

ஒழுங்கை என்றதும் என் பழைய சண்டை திரும்ப வருகிறது. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அது தெரியும். நாடகத் துறையில் இருந்த ஒரு பெரியவர் முன்பு என்னிடம் சொன்னார்: "யாழ்ப்பாணத்துக் கதையை யாழ்ப்பாணப் பேச்சில் எடுத்தால் வெளியில ஒருத்தருக்கும் விளங்காது. சென்னைத் தமிழில எடுத்தாத்தான் விலை போகும்." அன்றைக்கு முகத்துக்கு நேரே மறுத்தேன், இன்றைக்கும் மறுக்கிறேன். சூரிச் கதைகளை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? சுவிஸ் டொச்சில், அதாவது அந்த நாட்டுச் சனம் பேசும் ஜேர்மன் மொழியில் எடுக்கிறார்கள். ஜேர்மனியில் இருப்பவனுக்கு அது விளங்காது. அதனால் அவனுக்காகத் தனியாகக் குரல் மாற்றிக் கொடுக்கிறார்கள். முதலில் தன் சனத்துக்குத் தன் பேச்சு, மற்றவனுக்கு மொழிமாற்றம் பிறகு. நாங்கள் தொடங்கும்போதே மற்றவனுடைய காதுக்கு எழுதுகிறோம். நல்லூரில் நடக்கும் கதையில் ஒரு ஆச்சி "வாடா கண்ணு, சாப்ட்டியா" என்று கேட்டால் எனக்கு நெஞ்சு எரிகிறது. "வாடா அப்பன், சாப்பிட்டியே?" என்று கேட்ட வாய்கள் எங்கே போயின?

எங்கள் வீட்டு முன்னறைகளில் இப்போது ஓடும் தொடர்களைப் பாருங்கள். ஒரு பெரிய வீடு, அதற்கு நடுவே ஒரு படிக்கட்டு. அந்த வீடு மதுரையிலா, கோவையிலா, ஆகாயத்திலா? வெளியே தெரு தெரியாது, மழை பெய்யாது, கதவைத் தட்டி ஒரு மீன்காரர் வரமாட்டார். 80களில் தூரதர்ஷன் பார்க்கப் பனையளவுக்கு அன்ரனா ஏற்றியவர்கள் நாங்கள். 90களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். ஜெனறேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் பாய் விரித்துப் படம் பார்த்தவர்கள். இவ்வளவு பாடுபட்டுப் பார்த்த சனம் தன் தெருவைத் திரையில் பார்த்தது எத்தனை தரம்?

இங்கே ஒரு துப்பறியும் தொடர் எடுத்தால் எப்படி இருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உங்கள் கோண்டாவிலிலேயே ஒரு ஒழுங்கையை வைத்துக்கொள்வோம். கதியால் வேலி, அதில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு, தகரப் படலை. கொழும்பிலிருந்து ஒரு இளம் தமிழ் அதிகாரி விசாரணைக்கு வருகிறார். முதல் வீட்டில் ஒரு ஆச்சி.

"அம்மா, நேற்று இரவு இந்தப் பக்கம் யாராவது போனதைக் கண்டீங்களா?"

"இரும் தம்பி. நீர் எந்த ஊர்?"

"நான் கொழும்பு, அம்மா."

"கொழும்பில இருக்கிறீர், சரி. அப்பா எந்த ஊர்?"

"கரவெட்டி."

"கரவெட்டியில எவடம்? கோயிலுக்கு அங்கால பக்கமோ, இங்கால பக்கமோ?"

முதல் அரைமணி நேரம் விசாரிக்கப்படுவது அதிகாரிதான். அவருடைய அம்மம்மா கட்டின இடம், மாமன் கனடாவில் செய்கிற வேலை, இன்னும் கல்யாணம் ஆகாததற்கான காரணம் எல்லாம் பதிவாகிவிடும். நடுவில் தேத்தண்ணியும் வரும். குடிக்காமல் எழும்பினால் சாட்சியம் இல்லை. இரண்டாவது வீட்டுப் படலையைத் திறக்க முன்னமே அந்த வீட்டுக்காரி "வாரும் தம்பி, கரவெட்டிப் பெடியன் எண்டு சொன்னவை" என்பார். பொட்டுக்குள்ளால் செய்தி போய்விட்டது. ஐந்தாவது வீட்டில் ஒருவருக்கு அவர் மச்சான் முறையாகிவிடுவார். இனிச் சாட்சியத்தை எப்படி எழுதுவது? கடைசியில் ஆச்சி படலை வரை வந்து வழியனுப்பும்போது, மெதுவாக ஒரே ஒரு வசனம் சொல்வார். "தம்பி, நேற்று எங்கட நாய் குலைக்கேல்லை." நாய்க்குத் தெரிந்த ஆள்தான் வந்திருக்கிறான். வழக்கு அதோடு முடிந்தது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் ஆசையும் சேர்ந்து வருகின்றன. இது கேள்னிலும் நடக்காது, சென்னையிலும் நடக்காது. இந்த ஒழுங்கையில் மட்டும்தான் நடக்கும்.

அந்த அதிகாரி தமிழர் என்பதை வேண்டுமென்றுதான் சொன்னேன். ஆச்சி சொன்ன வசனம் பொலிஸ் நிலையத்தில் எந்த மொழியில் எழுதப்படும்? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அதற்குப் பிறகும் தங்களால் வாசிக்க முடியாத சிங்கள வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்து வைத்த தமிழர்கள் எத்தனை பேர்! 'குலைக்கேல்லை' என்ற சொல் மொழிபெயர்ப்பில் விழுந்துபோனால் கொலைகாரன் தப்பிவிடுவான். என்னிடம் கேட்டால் எங்கள் தொடரின் கதாநாயகர் துப்பாக்கிக்காரர் அல்ல. ஒரு மூலையில் இருந்து மொழிபெயர்க்கும் கொன்ஸ்டபிள்தான்.

இவ்வளவு தூரம் 'இடம்' பற்றிப் பேசிவிட்டு ஒரு இடத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, அம்மா.

அந்த ஜேர்மன் தொடரில் சடலம் கிடைத்த சில நிமிடத்துக்குள் அதைச் சுற்றி நாடா கட்டிவிடுவார்கள். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் குனிந்து ஒவ்வொரு தலைமயிராகப் பொறுக்குவார்கள். தொண்ணூறு நிமிடத்தில் பெயர் தெரிந்துவிடும். எங்கள் ஊருக்குள் நுழைகிற வாசலில் செம்மணி. 1996இல் உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு மாணவியை அங்கிருந்த சோதனைச் சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும்கூடத் திரும்பவில்லை. 1998இல் அந்தக் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தினரில் ஒருவர், அந்தப் பகுதியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி எடுத்தது 15 எலும்புக்கூடுகள். அதோடு மூடினார்கள்.

26 வருடம் அந்த வழியால் பஸ் போனது. நானும் போனேன். யன்னல் பக்கம் இருந்தும் சில நாள் பார்க்காமல் போயிருக்கிறேன். 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்ட அத்திவாரம் வெட்டியபோது எலும்புகள் வெளியே வந்தன. நீதவானின் மேற்பார்வையில் தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு நீலப் பள்ளிப்பை, ஒரு பொம்மை, ஒரு பால் போத்தல். அந்த ஓகஸ்ட்டில் அந்தப் பொருள்களைக் காட்சிக்கு வைத்து, அடையாளம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் பிள்ளைக்குத் தைத்துப் போட்ட சட்டையின் நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு தாய்மார் வரிசையில் நின்றார்கள். தம்பியின் தகப்பன் எந்த ஊர், மாமன் என்ன வேலை என்று எல்லாம் தெரிந்து வைத்திருக்கிற அதே ஆச்சிமார்தான் அவர்கள். நாய் குலைத்ததா இல்லையா என்பதும் அவர்களுக்குத் தெரியும். கேட்க ஒரு அதிகாரி வரவில்லை.

அதனால்தான் எனக்கு அந்த ஜேர்மன் தொடரின் பெயர்மேல் இவ்வளவு பிடிப்பு. குற்றவாளியின் பெயரையோ துப்பறிவாளரின் பெயரையோ வைக்காமல் இடத்தைத் தலைப்பாக வைத்தார்கள். இந்த மண்ணில் இப்படி நடந்தது என்று ஞாயிறுதோறும் ஒரு சமூகம் முன்னறையில் கூடியிருந்து பார்க்கிறது. முதல் கதையில் ஓய்விடத்தில் கிடந்த பிள்ளைக்காக ஒரு அதிகாரி எல்லை தாண்டிப் போனார். எங்களுக்கு அப்படி ஒரு கதை வேண்டும் என்று கேட்பதில் என்ன பிழை?

ஜேர்மனியில் கோடையில் எட்டேகால் என்றால் எங்களுக்கு இரவு பதினொன்றே முக்கால். தூக்கம் முழித்து நீங்கள் பேரனை அழைக்க வேண்டாம். அடுத்த நாள் பள்ளி விட்டு வந்ததும் பேசுங்கள். அம்மம்மாவின் ஊரில் நடக்கிற ஒரு துப்பறியும் கதை எழுதச் சொல்லுங்கள். டொச்சில் எழுதினாலும் பரவாயில்லை, அனுப்புங்கள், தமிழாக்கி இந்த இதழில் போடுகிறேன். ஆனால் எந்த ஒழுங்கை என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.